அறுபது துளிகளில் முப்பத்தேழாவது

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். மாடிக் குழாயில் அடைப்பு. ஆளைக் கூப்பிடவில்லை. பால், ரொட்டி. என் பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது, நாளைக்கு வாங்க வேண்டும்.

ரோஸ்லினை அடக்கம் செய்து ஆறு வாரம்.

பதினொரு மணிக்குப் பதிப்பகத்திலிருந்து கயல்விழி வந்தாள். ரோஸ்லினின் புத்தகங்களை எட்டு வருடமாகத் திருத்தி அச்சுக்கு அனுப்புகிற பெண். நனைந்த துப்பட்டாவோடு சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள். காப்பி போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை போட மறந்துவிட்டேன். அவள் சொல்லாமல் குடித்தாள்.

பதினாறாம் தேதி ரோஸ்லினின் பிறந்தநாள். அஸ்தினாபுரத்தில் மண்டபம் பிடித்திருக்கிறார்கள். வாசகர் சந்திப்பு, வினாடி வினா. அன்றைக்குக் கொடுக்க ஒரு சிறு நூல், 'அல்லிக்கோ: அறுபது துளிகள்'. ரோஸ்லினின் புனைபெயர் அல்லிக்கோ. 'இறகு நாடு' முதல் பாகம் வந்தபோது ஆண் என்று நினைத்து எல்லாரும் 'மதிப்பிற்குரிய ஐயா' என்றே கடிதம் போட்டார்கள். ஐந்து பாகம் முடிவதற்குள் 'அம்மா' ஆகிவிட்டாள்.

"இதெல்லாம் அம்மாவோட பேட்டியிலருந்தும் வாசகர் குரூப்லருந்தும் எடுத்தது சார். சரியா தப்பான்னு நீங்க பாத்து டிக் போட்டா போதும். உங்களுக்குத்தான் தெரியும்."

நாலு தாள். அவளைப் பற்றி அறுபது தகவல், ஒவ்வொன்றும் ஒரு துளி. புதன்கிழமைக்குள் வேண்டுமாம். சரி என்றேன்.

மத்தியானம் தயிர்சாதம். தூங்கவில்லை, படுத்திருந்தேன்.

நவம்பர் 4, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம். மாத்திரை வாங்கினேன்.

சிவப்புப் பேனா தேடினேன். முப்பத்தொரு வருடம் கணக்கு வாத்தியார் வேலை, வீட்டில் ஒரு சிவப்புப் பேனா இல்லை. நீலத்தில்தான் போட்டேன்.

துளி 1. பிறந்த ஊர். சரி.

து. 4. எழுதும்போது பொரி சாப்பிடுவார். தப்பு. பொட்டுக்கடலை. நைட்டி பாக்கெட்டில் போட்டு வைத்திருப்பாள். துவைக்கப் போடும்போது மெஷினில் ஊறி வரும்.

து. 6. பறக்கும் பாம்புகளைப் பற்றி ஆயிரம் பக்கம் எழுதியவருக்குப் பல்லி என்றால் பயம். சரி.

து. 9. இடது கையால் எழுதுவார்.

இங்கே நின்றுவிட்டேன். சாப்பிடுவது வலது கை, தெரியும். எழுதுவது? கண்ணை மூடிப் பார்த்தேன். மேசை தெரிகிறது, அவள் முதுகு தெரிகிறது, கை தெரியவில்லை. கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடம். ஆல்பத்தை எடுத்தேன். மகள் ஷீபாவின் கல்யாணத்தில் சர்ச் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிற படம். இடது கை.

டிக் போட்டேன். வருத்தமாக இருக்க வேண்டும் என்று தோன்றியது. அவ்வளவுதான்.

சாயங்காலம் ஷீபா புனேயிலிருந்து போன். "சாப்டீங்களாப்பா?" சாப்பிட்டேன். "என்ன சாப்டீங்க?" தோசை என்றேன். சாப்பிட்டது ரொட்டி.

நவம்பர் 5, புதன்

மேகமூட்டம். குழாய்க்காரர் வந்தார். உள்ளே புறா இறகு, ஒரு கைப்பிடி. வாசகர் குரூப்பில் சொன்னால் இதுவும் துளியாகிவிடும்.

து. 15. சர்ச் பாடகர் குழுவில் ஆல்டோ குரல். பாதி சரி. குழுவில் நிற்பாள், வாயை மட்டும் அசைப்பாள். பாட்டு வராது. பாஸ்டருக்கும் தெரியும்.

து. 18. இறகு நாட்டின் எல்லா வரைபடமும் தினசரிக் காலண்டர் தாள் கிழித்து அதன் பின்பக்கத்தில் வரைந்தது. சரி.

து. 22. அவருடைய எல்லாப் புத்தகங்களுக்கும் முதல் வாசகர் கணவர் ஜெயசீலன்.

ஐந்து முன்னுரையிலும் இருக்கிறது. 'வழக்கம்போல் முதல் வாசகர் ஜெ.' நான் ஒன்றைக்கூடப் படித்ததில்லை. முதல் பாகத்தில் இருபது பக்கம் போனேன், ஆளுக்கு ஆள் சிறகு, விட்டுவிட்டேன். அவளுக்குத் தெரியும். அச்சான பிரதியைக் கையில் கொடுப்பாள், நான் 'நல்லா வந்திருக்கு' என்பேன். அட்டையைச் சொல்கிறேன் என்று இரண்டு பேருக்கும் தெரியும். கல்யாண வீடுகளில் யாராவது கேட்டால், "அவர்தான் முதல்ல படிப்பார், கணக்கு வாத்தியார் ஆச்சே, தப்பெல்லாம் கண்டுபிடிச்சிடுவார்" என்பாள். முகத்தில் ஒன்றும் தெரியாது.

டிக் போடவில்லை. தப்பு என்றும் போடவில்லை.

து. 31. வெள்ளிக்கிழமை தவறாமல் பல்லாவரம் சந்தைக்குப் போவார். இறகு நாட்டின் விநோத ஜீவன்கள் அந்தக் கூட்டத்திலிருந்து வந்தவையே.

போவாள், சரி. எதற்கு என்று நான் கேட்டதில்லை. ஏதாவது ஒரு செடி, ஒரு கரண்டி கொண்டுவருவாள். பல வெள்ளி ஒன்றும் இல்லாமல் வருவாள்.

து. 37. இரண்டாம் பாகத்தின் முதல் கைப்பிரதி பெருமழை வருடத்தில் வீட்டுக்குள் வந்த வெள்ளத்தில் போயிற்று. மனம் தளராமல் முழுவதும் மறுபடி எழுதினார்.

பேனாவை மூடி வைத்தேன்.

கயல் போன் செய்தாள். இன்னும் முடியவில்லை என்றேன். "பரவால்ல சார், திங்கள் வரைக்கும் டைம் இருக்கு."

நவம்பர் 7, வெள்ளி

விட்டுவிட்டு மழை.

ஒன்பதரைக்கு வாசலில் ஆட்டோ ஹாரன். ஏகாம்பரம். ராஜகீழ்ப்பாக்கம் சிக்னல் ஸ்டாண்டு ஆட்டோ. ரோஸ்லின் எங்கே போனாலும் இவர் வண்டிதான். அடக்கத்துக்கும் வந்திருந்தார். கையில் ஒரு பை.

"அம்மாவோட கண்ணாடி சார். படிக்கற கண்ணாடி. சீட்டு பின்னாடி மாட்டிக்கினு கீது. இன்னிக்குதான் பாத்தேன். வெள்ளிக்கெழம ஆச்சா, வண்டி தானா இங்க வந்துருச்சு."

வாங்கிக்கொண்டேன். ஆட்டோவில் படிக்கிற கண்ணாடி எதற்கு என்று கேட்டேன்.

"எழுதுவாங்களே சார். உங்களுக்குத் தெரியாதா? சந்த ஓரமா வண்டிய போட சொல்லுவாங்க. பின் சீட்ல ஒக்காந்து எழுதிகினே இருப்பாங்க. நான் போய் டீ குட்சிட்டு வருவேன். ரெண்டாவது புக்கு முழுசா நம்ம வண்டிலதான். வூட்ல எழுதறத வுட்டுட்டேன் ஏகாம்பரம்னு சொன்னாங்க."

எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

"அந்தப் பெரிய மழைக்கு அப்பாலருந்து சார். மொதல்ல எழுத வரல. நோட்டு தேடத்தான் வந்தாங்க."

என்ன நோட்டு என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. கேட்டேன்.

"பச்ச பைண்டு நோட்டு. பழைய பேப்பர் விக்கறவங்ககிட்ட ஒவ்வொரு குவியலா பொரட்டுவாங்க. பேஜாரா இருக்கும் சார் பாக்க. ரெண்டு மூணு வருசம் அப்டி. அப்பறம் தேடறது கொறஞ்சுது, ஆனா ஒரு சுத்து வருவாங்க. பழகிப் போச்சு."

செருப்பைப் போட்டுக்கொண்டு ஏறினேன். குடையை மறந்துவிட்டேன்.

பல்லாவரம். சேறு. தார்ப்பாய்க்கு மேல் தார்ப்பாய். கோழி, மீன்தொட்டி, பழைய கம்ப்யூட்டர், மிக்ஸி ஜார். பழைய புத்தகக் கடை பாய் ஒருவரிடம் ஏகாம்பரம் கூட்டிப்போனார். வெள்ளைத் தாடி, என் வயது இருக்கும். என்னை யார் என்று ஏகாம்பரம் சொன்னதும் எழுந்து நின்றார்.

"அம்மா வரலீங்களா? ஒன்றரை மாசமா காணோமே."

நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. பாய் குனிந்து, பலகைக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் கவர் போட்ட ஒரு கட்டை எடுத்தார்.

"பச்சை பைண்டு எது வந்தாலும் எடுத்து வைங்க பாய்ம்பாங்க. அம்மா வராத வாரத்துல வந்தது இந்த மூணு. அவங்க நோட்டு இது இல்ல, எனக்கே தெரியும். இருந்தாலும் அவங்க பாத்து இல்லன்னு சொன்னாத்தான் நான் வெளிய போடுவேன்."

கையில் கொடுத்தார். அங்கேயே பிரித்துப் பார்த்தேன். ஒன்று கெமிஸ்ட்ரி ரெக்கார்டு. ஒன்று யாரோ எழுதி வைத்த ஜெபக் குறிப்புகள். ஒன்று காலி.

"இல்லை" என்றேன்.

பாய் வாங்கி வெளியே வைத்தார்.

நவம்பர் 8, சனி

வெயில். துணி காய்ந்தது.

எழுதி வைக்கிறேன். யாரிடமும் சொன்னதில்லை, அதனால் வார்த்தை வரவில்லை.

பெருமழை வருடம். அவள் அவளுடைய அக்காவுக்குத் துணையாக வேலூர் போயிருந்தாள். ஏரி நிரம்பித் தெருவில் தண்ணீர், பிறகு வீட்டுக்குள். முழங்கால் அளவு. இரண்டு நாளில் வடிந்தது. நனைந்ததையெல்லாம் அள்ளினேன். செய்தித்தாள், பழைய விடைத்தாள், கீழ் அலமாரிப் புத்தகங்கள். பழைய பேப்பர்காரர் தள்ளுவண்டியோடு தெருவில் நின்றார், ஊரே போட்டது. நானும் போட்டேன்.

நோட்டு லாஃப்டில் இருந்தது. தரையிலிருந்து ஏழு அடி. பச்சைத் துணி பைண்டு, நானூறு பக்கம், எட்டு மாத எழுத்து. நனையவில்லை. ஸ்டூல் போட்டு ஏறி எடுத்தேன்.

கோபம் என்றால் சரியாக இருக்காது. அதற்கு முந்தைய வாரம் பள்ளி ஆண்டு விழாவில் தலைமையாசிரியர் என்னை மேடைக்கு அழைத்தார். 'நம் அல்லிக்கோவின் கணவர்' என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். முப்பத்தொரு வருடத்தில் எனக்கு விழுந்த பெரிய கைதட்டல் அதுதான். வீட்டுக்கு வந்தால் மேசையில் தட்டு மூடி வைத்திருக்கும், அவள் அந்த நோட்டுக்குள் இருப்பாள். நிமிர்ந்து பார்த்து 'வந்துட்டீங்களா' என்று சொல்லிவிட்டு மறுபடி அதற்குள்.

பிரிக்கக்கூட இல்லை. வண்டியில் மற்றதோடு போட்டேன். வண்டி திரும்பிப் போகிறவரை நின்றேன். ஓடிப்போய் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை.

அவள் வந்ததும் நேராக லாஃப்டைப் பார்த்தாள்.

"நோட்டு?"

"எல்லாம் நனைஞ்சு போச்சு. போட்டுட்டேன்."

அவள் சுவரைப் பார்த்தாள். தண்ணீர் நின்ற கோடு சுவரில் பழுப்பாக இருந்தது, அவள் முழங்காலுக்கு. அப்புறம் லாஃப்டை. அப்புறம் என்னை.

"சரி" என்றாள். கைகால் கழுவிக்கொண்டு வந்து சோறு வைத்தாள்.

அவ்வளவுதான். பத்து வருடத்தில் இன்னொரு வார்த்தை இல்லை. முதல் பேட்டியில் வெள்ளம் என்று சொன்னாள், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு எல்லாப் பேட்டியிலும் வெள்ளம்தான்.

அவளுக்குத் தெரியாது என்று என்னால் நினைக்க முடிந்தது. நேற்று வரைக்கும்.

மத்தியானம் பசிக்கவில்லை. முதல் பாகத்தை எடுத்தேன். 64 பக்கம். நன்றாக இருக்கிறது. வேறு ஒன்றும் தோன்றவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

சர்ச். ஆல்டோ வரிசையில் ஓர் ஆள் குறைவு. சத்தத்தில் வித்தியாசம் இல்லை.

மூன்று பேர் கையைப் பிடித்தார்கள். "எப்படி இருக்கீங்க சார்?" இருக்கிறேன்.

ஷீபாவிடம் சொன்னேன். போனில்தான். முழுவதும். பின்னால் குக்கர் சத்தம்.

"எனக்குத் தெரியும்ப்பா."

எப்படி?

"அம்மா சொல்லல. முழங்கால் தண்ணில லாஃப்ட்ல இருந்த நோட்டு நனைஞ்சுதுன்னு சொன்னா, நானும் கணக்கு வாத்தியார் பொண்ணுதானே."

அவள் குக்கரை இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது.

பிறகு கேட்டாள். "இப்ப என்ன பண்ணப் போறீங்க?"

தப்பு என்று போடப்போகிறேன் என்றேன்.

"அம்மாவே விட்டுட்டாங்கப்பா. அவங்க சொன்னபடியே இருக்கட்டும். இப்ப சொன்னா உங்களைத்தான் கிழிப்பாங்க. அந்த குரூப்ல என்னெல்லாம் எழுதுவாங்க தெரியுமா? தனியா இருக்கீங்க."

சரி என்றேன். சரி என்பது எனக்கும் வருகிறது.

நவம்பர் 10, திங்கள்

காலையில் உட்கார்ந்து முடித்தேன்.

து. 22. தப்பு. கணவர் படித்ததில்லை.
து. 31. போனது சரி, காரணம் தப்பு. தொலைந்த நோட்டைத் தேடிப் போனார்.
து. 37. தப்பு. வெள்ளத்தில் போகவில்லை. நான் பழைய பேப்பரில் போட்டேன், தெரிந்தே.
புதிது: இரண்டாம் பாகம் ஏகாம்பரம் என்பவரின் ஆட்டோவில் பின் சீட்டில் எழுதப்பட்டது.

நாலு தாளையும் போட்டோ எடுத்துக் கயலுக்கு அனுப்பினேன். இரண்டு நீல டிக் வந்தது. ஒரு மணி நேரம் பதில் இல்லை. பிறகு போன்.

"சார், முப்பத்தேழு... நிஜமாவா?"

ஆமாம்.

மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. "நான் ஆபீஸ்ல பேசிட்டுச் சொல்றேன் சார்."

ரசம் வைத்தேன். உப்பு அதிகம்.

நவம்பர் 12, புதன்

இடி, நல்ல மழை. கரண்ட் இல்லை, நாலு மணி நேரம்.

கயல் வந்தாள். இந்த முறை சோபாவில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். அழுதிருப்பாள் போல.

"இருபத்திரண்டு, முப்பத்தொண்ணு, முப்பத்தேழு மூணும் பழையபடியே போகுது சார். ஆட்டோ விஷயமும் போடல. நேத்தே அச்சுக்குப் போயிடுச்சு. எங்க சார் சொல்றார், பிறந்தநாள் அன்னைக்கு வாசகர்கள் கைல கொடுக்கற புக்கு, அதுல இதெல்லாம் வேண்டாம்னு. அம்மா சொன்னதை நாம எப்படி மாத்தறதுன்னு கேக்கறார்."

நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"நான் ஒண்ணும் சொல்லல. எனக்கு உங்க மேல கோவமா இருக்கு சார். அந்த ரெண்டாம் பாகம் எழுத அம்மா எவ்ளோ கஷ்டப்பட்டாங்கன்னு சொல்லி இருக்காங்க. ஒரே வரி வரதுக்கு ஒரு மாசம் ஆச்சுன்னு. நான் வெள்ளத்தத் திட்டி இருக்கேன்."

நியாயம்தான் என்றேன்.

கப்பைக் கழுவி வைத்துவிட்டுத்தான் போனாள். வாசலில் திரும்பி, "ஞாயித்துக்கெழமை வருவீங்கல்ல?" என்றாள். வருவேன். "பேசுவீங்களா?" பேசுவேன். என்ன பேசுவேன் என்று அவள் கேட்கவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

ஒன்பதரைக்கு ஹாரன் இல்லை. ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்தேன்.

முதல் பாகம் முடிந்தது. 388 பக்கம். பக். 211-இல் ஒரு கூட்டல் தப்பு. ஏழு படகு, படகுக்குப் பன்னிரண்டு பேர், எண்பத்தாறு என்று போட்டிருக்கிறாள். எண்பத்துநாலு. பென்சிலால் திருத்தினேன்.

நவம்பர் 16, ஞாயிறு

காலையில் தூறல், பிறகு நின்றது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. ஏகாம்பரம் வண்டியில் போனேன். அவரையும் உள்ளே வரச் சொன்னேன், கடைசி வரிசையில் காக்கிச் சட்டையோடு உட்கார்ந்தார்.

நூற்றைம்பது பேர் இருக்கும். பாதிப் பேர் சின்னவர்கள், சிலர் முதுகில் அட்டைச் சிறகு. வாசலில் அறுபது துளிகளை ஆளுக்கொன்று கொடுத்தார்கள். எனக்கும் ஒன்று. 37 அப்படியே இருந்தது.

கேக், படத்துக்கு மாலை, பதிப்பகத்தார் பேச்சு. பிறகு என்னைக் கூப்பிட்டார். "முதல் வாசகர்" என்றார். கைதட்டல்.

மைக்கின் உயரம் சரியில்லை, யாரோ வந்து இறக்கினார்கள். எழுதிக்கொண்டு போன தாளை எடுக்கவில்லை. வகுப்பில் சொல்வது போலச் சொன்னேன். அந்த நூலில் மூன்று தப்பு இருக்கிறது, திருத்திக்கொள்ளுங்கள். எண் 22, எண் 31, எண் 37. ஒவ்வொன்றாகச் சொன்னேன். தண்ணீரின் உயரம், லாஃப்டின் உயரம். அவள் சரி என்று சொன்னது. பத்து வருட வெள்ளிக்கிழமை. இன்னொன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி ஏகாம்பரத்தைக் காட்டினேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் எழுந்து கும்பிட்டு உட்கார்ந்தார்.

ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். குரல் நடுங்கவில்லை. எனக்கே அது கேவலமாக இருந்தது.

யாரும் கைதட்டவில்லை. ஒரு பையன் சத்தமாக "சே" என்றான், அவன் அம்மா கையைப் பிடித்தாள். இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள். பதிப்பகத்தார் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கயல் மட்டும் என்னையே பார்த்தாள், கோபமா என்று தெரியவில்லை.

இறங்கப் போனேன். மூன்றாவது வரிசையில் ஒரு பெண் கை தூக்கினாள். நாற்பது வயசிருக்கும். செங்கல்பட்டில் நர்ஸாம், நைட் டியூட்டி முடித்து நேராக வந்தாளாம். மடியில் ஐந்து பாகமும் பழுப்பு அட்டை போட்டு வைத்திருந்தாள்.

"சார், திட்டறதுக்கு இல்ல. ஒண்ணு கேக்கணும். முதல் பாகம் முடியறப்ப நாவினின்னு ஒரு படகோட்டிப் பொண்ணு தீவுல தனியா நிப்பா. காத்துட்டிருப்பா. ரெண்டாம் பாகத்துல அவ வரவே மாட்டா, அதுக்கப்பறமும் இல்ல. அம்மாவுக்கு மூணு லெட்டர் போட்டேன். ஒரு தடவை பதில் வந்துச்சு. அவ கதைய முன்னாடியே முழுசா எழுதிட்டேன், ரெண்டாவது தடவை எழுத மனசு வரலம்மான்னு. அப்ப எனக்குப் புரியல." மடியில் சரிந்த புத்தகங்களை நேராக்கினாள். "அந்த நோட்டுல நாவினிக்கு என்ன ஆச்சு சார்? யாராவது வந்து கூட்டிட்டுப் போனாங்களா?"

நாவினியை எனக்கு இப்போது தெரியும். வெள்ளிக்கிழமைதான் படித்தேன். கடைசிப் பக்கத்தில் ஈரக் கூந்தலைப் பிழிந்துகொண்டு நின்றாள்.

நர்ஸின் கையில் அந்தச் சிறு நூல், 37-ஐ அடித்திருந்தாள், ஓரத்தில் எழுதப் பேனாவைத் திறந்து வைத்திருந்தாள்.

"தெரியாதும்மா" என்றேன். "நான் பிரிச்சுப் பாக்கல."

அதையும் எழுதிக்கொண்டாள்.